"ஸ்பானிஷ் படிக்க எதுக்கு அவ்வளவு தூரம்?" – சேலத்திலிருந்து ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஊர் ஆத்தூர்ப் பக்கம், வயது 24, பி.காம். முடித்துவிட்டுச் சேலத்தில் கணக்கு வேலை. ஆறு மாதம் ஸ்பெயினில் தங்கி அரிச்சுவடியிலிருந்து ஸ்பானிஷ் படிக்க ஆசை. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வீட்டில் "ஏங்கண்ணு, இங்கயே படிக்க முடியாதா, எதுக்கு அவ்வளவு தூரம்?" என்கிறார்கள். விசா ஏஜெண்டோ காரணக் கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார். "என்ன காரணம் சொன்னால் எடுபடும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அதை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு விசா அதிகாரியைப் பற்றிய கவலை பாதிதான். மீதிப் பாதி, வீட்டார் கேட்ட அதே கேள்வியை நீங்களும் உங்களைக் கேட்டுக்கொண்டு பதில் கிடைக்காமல் இருப்பது. அதனால் அந்தப் பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி, எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக. ஹைதராபாத்தில் ஸ்பானிஷ் படித்தேன். ஸ்பெயினின் சலமாங்காவில் நான்கு மாதம், பல வருடம் கழித்து குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் ஆறு வாரம் இருந்தேன். பதினான்கு வருடமாகச் சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறேன். மொழி, வகுப்பு, தங்குமிடம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். விசா விஷயத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான், நாலு பேர் அனுபவத்தைப் பார்த்தவன், அவ்வளவே. மெக்சிகோ, அர்ஜென்டினா பக்கம் போனதில்லை, ஆகவே அவற்றைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன்.

சரி. "ஸ்பானிஷ் படிக்கணும்" என்பது ஒரு ஆசை, "வெளிநாட்டில் கொஞ்ச நாள் இருக்கணும்" என்பது இன்னொரு ஆசை. உங்கள் கேள்வியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டில் எதுவும் தப்பில்லை. சேலத்தை விட்டு ஆறு மாதம் தனியாக வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பதே காரணம் என்றால், அது வெட்கப்பட வேண்டிய காரணமும் இல்லை. ஆனால் ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றுக்குச் செலவழித்தால் திரும்பி வரும்போது ஏமாற்றம்தான் மிஞ்சும். மொழிக்காகத்தான் போகிறேன் என்றால், முதல் மூன்று மாதத்தை அங்கே செலவழிப்பது வீண். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்குப் படித்தவர், கணக்கையே பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் பள்ளியில், ஸ்பானிஷுக்குச் சுமார் 30 வாரம், அதாவது ஏறத்தாழ 700 வகுப்பு மணிநேரம் ஒதுக்குகிறார்கள். அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு, வேலையே அதுதான் என்று முழுநேரமும் படிப்பவர்களுக்கு. நீங்கள் வாரம் 20 மணிநேரம் என்று 24 வாரம் போனால் 480 மணிநேரம். ஐரோப்பிய அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள் உண்டு. பூஜ்யத்திலிருந்து கிளம்பினால் ஆறு மாதத்தில் பி1-இல் காலூன்றலாம், நன்றாக உழைத்தால் பி2-வின் வாசலைத் தொடலாம். என் மாணவர்களை வைத்துச் சொல்லும் மதிப்பீடு இது, ஆளுக்கு ஆள் மாறும். பெங்களூர், சென்னை, ஹைதராபாத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு வரும் வேலை விளம்பரங்களில் பெரும்பாலும் பி2 அல்லது சி1 கேட்கிறார்கள். "வேலைக்காகப் போகிறேன்" என்பதுதான் காரணம் என்றால், பூஜ்யத்திலிருந்து ஆறு மாதம் என்ற திட்டம் அந்தக் காரணத்துக்கே போதாது. இங்கேயே ஏ2 வரை முடித்துவிட்டு அதே ஆறு மாதத்தை அங்கே செலவழித்தால் போதும்.

"இங்கே எப்படி அவ்வளவு தூரம் வருவது?" என்று கேட்பீர்கள். வரும். தமிழ் பேசுகிறவருக்கு ஸ்பானிஷில் ஒரு கொடுப்பினை இருக்கிறது, அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் பாடப்புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலக்காரருக்காக எழுதப்பட்டவை. "மெ குஸ்தா எல் கஃபே" என்றால் எனக்குக் காபி பிடிக்கும். ஆங்கிலக்காரர் இந்த "எனக்கு" எங்கிருந்து வந்தது என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொள்வார். நமக்கு அது தாய்ப்பால். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதும் அப்படியேதான்: "மெ துவேலெ லா கபேஸா". "வந்தேன்" என்று சொன்னாலே "நான்" உள்ளே இருக்கிறது அல்லவா, அங்கேயும் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். நீ, நீங்கள் போல "தூ", "உஸ்தேத்". நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் "ங்க" போடுகிற மாதிரி, கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே "உஸ்தேத்" போட்டுப் பேசுவார்கள். "சின்ன வயசில் கோடைக்கு ஏற்காடு போவோம்" என்கிறோமே, நடந்து முடிந்த பழக்கத்தைத் தனி வடிவத்தில் சொல்வது, அதற்கு அவர்களும் தனி இறந்தகாலம் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஒரு வருடம் குழம்பும் அந்த இடத்தை இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே நான் ஒரு வகுப்பில் நடத்திவிடுகிறேன்.

உச்சரிப்பில் இன்னும் வேடிக்கை. ஸ்பானிஷின் "த" நம் "த" போலப் பல்லில் நாக்கு படும் ஒலி, ஆங்கில "ட" அல்ல. "அது" என்ற சொல்லில் நடுவே வரும் த எவ்வளவு மென்மையாகிறது பாருங்கள், "பகல்" என்பதில் க எப்படி இளகுகிறது பாருங்கள். ஸ்பானிஷிலும் உயிரெழுத்துகளுக்கு நடுவே அதேபோல் இளகும். "நாதா" என்றால் ஒன்றுமில்லை, "லாகோ" என்றால் ஏரி. நீங்கள் தமிழில் படிக்கிற மாதிரிப் படித்தாலே முக்கால்வாசி சரியாக வந்துவிடும். அவர்கள் தலையில் ஒரு சின்னக் கோடு போட்ட எழுத்து ஒன்று வைத்திருக்கிறார்கள், அது நம் ஞ. "பெரோ" என்றால் ஆனால், அதையே "பெர்ர்ரோ" என்று நாக்கை உருட்டினால் நாய். ர, ற வித்தியாசத்தை நாம் பேச்சில் தொலைத்துவிட்டோம், அதை மட்டும் மறுபடி தேடி எடுக்க வேண்டியிருக்கும். போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்த மேசை, அலமாரி, மேஸ்திரி, கொய்யா எல்லாம் "மேசா", "அர்மாரியோ", "மாயெஸ்த்ரோ", "குவாயாபா" என்று அங்கே சொந்தக்காரர் மாதிரி வந்து நிற்கும்.

கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. மேசை பெண்பால், வரைபடம் ஆண்பால், ஓவில் முடிந்தாலும் கை பெண்பால் என்பதையெல்லாம் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். "இரு" என்ற ஒன்றுக்கு அவர்களிடம் இரண்டு வினைகள். ஆசை, சந்தேகம், வேண்டுதல் எல்லாவற்றுக்கும் வினையின் முகமே மாறும். இவற்றை ஒரு ஆசிரியரும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் சேலம் ஐந்து ரோட்டில் உட்கார்ந்தும் படிக்கலாம். இதற்குப் போய் யூரோவில் கட்டணம் கட்டுவானேன்? டெல்லியில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் இருக்கிறது, இணையவழி வகுப்புகளும் நடத்துகிறார்கள். அவர்களுடைய டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சியேலே என்ற இன்னொரு தேர்வு கணினியில் எழுதுவது, அதன் சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். முதலில் ஏ2 எழுதித் தேறுங்கள். விசாவுக்கும் அது பேசும், வீட்டாரிடமும் பேசும்.

அப்படியானால் எதற்குத்தான் போவது? இங்கே கிடைக்காதது ஒன்று இருக்கிறது. மொழி தெரியாமல் திண்டாடும்போது தப்பிக்க வழியில்லாமல் போவது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியாக வேண்டும், மருந்துக் கடையில் எங்கே வலிக்கிறது என்று விளக்கியாக வேண்டும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும் மேசையில் எப்போது சிரிப்பது என்று தெரியாமல் விழிக்க வேண்டும். "மாமிசம் சாப்பிட மாட்டேன்" என்று சலமாங்காவில் தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தட்டில் பன்றித் தொடைக்கறித் துண்டுகள் வந்தன. "ஹமோன்தானே, மாமிசம் இல்லையே" என்றார் அந்தப் பெரியவர், உண்மையிலேயே ஆச்சரியத்தோடு. அன்று முதல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்கக் கற்றுக்கொண்டேன். எதிர்மறை வாக்கியம் எனக்குப் பிழையில்லாமல் வந்தது அந்தத் தட்டினால்தான்.

ஆனால் போனாலே இது நடந்துவிடாது. என் முதல் மாதத்தை நான் தொலைத்த கதையைச் சொல்கிறேன். வாடகை குறைவு என்று இரண்டு இந்திய மாணவர்களோடு ஒரு வீட்டில் சேர்ந்தேன். காலை நான்கு மணிநேரம் வகுப்பு, மீதி இருபது மணிநேரம் ஆங்கிலம், கிரிக்கெட், அம்மா கொடுத்தனுப்பிய சாம்பார்ப் பொடி. மாத முடிவில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறையைக் கேட்கக்கூடத் தடுமாறினேன். ஐந்தாவது வாரம் ஒரு பாட்டி வீட்டில் ஓர் அறை எடுத்தேன். செலவு கொஞ்சம் கூடியது. மாலை முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்து அவர் அரசியல்வாதிகளைத் திட்டுவதைக் கேட்டதில், மூன்று மாத வகுப்பு தராததைப் பெற்றேன், திட்டும் சொற்கள் உட்பட. ஆகவே பள்ளிக்கூடத்தை அலசுவதைவிட வீட்டை அலசுங்கள்.

இப்போது காரணங்கள். வேலை என்பதற்கு மேலே கணக்குச் சொல்லிவிட்டேன். அங்கே பட்டமேற்படிப்பு சேர வேண்டும் என்றால் வலுவான காரணம், ஆனால் அது உங்கள் திட்டத்தில் இல்லை. "உலகில் 20 நாடுகளின் ஆட்சிமொழி, 48 கோடிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி" என்பது உண்மையான தகவல்தான், உங்கள் காரணம் ஆகாது. அந்த 48 கோடிப் பேரில் யாரிடம் பேசப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. என்னிடம் வந்தவர்களில் கடைசிவரை படித்தவர்களைப் பார்த்தால், எல்லோருக்கும் அந்த "யாரோ" இருந்தார்கள். ஒருவருக்குக் கால்பந்து, ஒருவருக்கு அண்ணியின் குடும்பம், கொலுசு வியாபாரம் செய்யும் ஒருவருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர். பொதுவாக "நல்ல மொழி" என்று வந்தவர்கள் வினைமுற்று அட்டவணை இரண்டாம் பக்கம் போனதும் காணாமல் போனார்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில், சம்பந்தமில்லாத மாதிரி, "அப்பா குச்சிக்கிழங்கு போடுகிறார், அவருக்கு இதெல்லாம் புரியாது" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் நின்றது. குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், சொந்த ஊரே தென் அமெரிக்கா. கொலம்பியாவில் அதன் பெயர் "யூக்கா". காலி நகருக்குப் பக்கத்தில் பால்மிராவில் 1967-இல் தொடங்கிய சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையத்தில் சுமார் 6,000 மரவள்ளி வகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், உலகிலேயே பெரிய சேகரிப்பு அது. அந்த நாட்டின் காவ்கா பகுதியில் கிழங்கு மாவைப் புளிக்கவைத்து எடுக்கும் சின்னச் சின்ன ஆலைகள் இருக்கின்றன, அந்த மாவில்தான் பாண்டெபோனோ என்ற ரொட்டி சுடுகிறார்கள். 2020-இல் நம் பக்கம் மாவுப்பூச்சி வந்து கிழங்குக் காடெல்லாம் சுருண்டுபோனதே, அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும். அதைத் தின்று அடக்க ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2022-இல் ஒரு சின்னக் குளவியை விட்டார்கள். இந்தப் பூச்சியை அடக்க அந்தக் குளவியைத் தேடிக் கண்டெடுத்தது 1981-இல், ஸ்பானிஷும் குவாரனியும் பேசும் பராகுவேயில். ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றிவிட்டு, பிறகு நம் காட்டுக்கு வந்தது.

இதைச் சொல்வதால் நீங்கள் உடனே கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசி (சேகோ) வியாபாரத்துக்காக ஸ்பானிஷ் படிப்பதாகக் கடிதம் எழுத வேண்டாம். அதில் ஆர்வம் இல்லையென்றால் அது பொய், பொய் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதற்கு ஸ்பானிஷ் தேவையில்லை. ஆனால் ஆலைக்காரர், இயந்திரம் செய்கிறவர், கிழங்கு போடுகிறவர் இவர்களோடு பேச அந்த மொழிதான் வழி. கணக்குத் தெரிந்த, கிழங்கு தெரிந்த, ஸ்பானிஷ் தெரிந்த ஆள் சேலம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

இந்தக் காரணம் ஒட்டுமானால் போகும் இடமும் மாறலாம். ஸ்பெயின்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "சலமாங்காவில்தான் சுத்தமான ஸ்பானிஷ்" என்பது "மதுரைத் தமிழ்தான் தமிழ்" என்பது மாதிரி. 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நெப்ரிஹா என்ற அறிஞர் 1492-இல் ஸ்பானிஷின் முதல் இலக்கண நூலை அச்சிட்ட ஊர், மாணவர் நகரம், அதனால் கற்பிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். அதுவரை சரி. பார்சிலோனா அழகான ஊர், ஆனால் அங்கே கத்தலான் மொழியும் ஆட்சிமொழி. தமிழ் கற்க வந்தவர் ஓசூரில் வீடு எடுத்த மாதிரி, தெருவில் காதில் விழுவது எந்த மொழி என்று முதலில் குழம்புவீர்கள். ஆன்டிகுவாவில் ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்பதே வழக்கம், ஒரு குடும்பத்தோடு தங்கவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். எனக்கு அங்கே ஆறு வாரத்தில் கிடைத்தது சலமாங்காவின் நான்கு மாதத்துக்குச் சமம். அதில் பாதி, நான் ஏற்கெனவே பேசக்கூடியவனாகப் போனதால். ஊரும் நமக்கு அந்நியமாக இருக்காது: ஏற்காடு மாதிரியே சுமார் 1,500 மீட்டர் உயரம், சரிவெல்லாம் காபி, காபிக்கு நிழலாக அதே சில்வர் ஓக், அங்கே அதற்குப் பெயர் "கிரவிலேயா". ஒரு எச்சரிக்கை: அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அந்த நாட்டு விசா வேண்டும். மலிவு டிக்கெட்டைப் பார்த்தவுடன் வாங்கிவிடாதீர்கள்.

ஸ்பெயின் என்றே முடிவு செய்தால், "ஆறு மாதம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் நாட்களை எண்ணுங்கள். 90 நாள் ஒரு எல்லை, 180 நாள் இன்னொரு எல்லை. 180-ஐத் தாண்டினால் போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, அங்கே போய் அடையாள அட்டை என்று வேலை கூடும். கையில் காட்ட வேண்டிய பணத்துக்கு இப்ரெம் என்ற அரசு அளவுகோல் உண்டு, 2023-இல் அது மாதம் 600 யூரோ. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையையும், எந்தப் பள்ளிகளை ஏற்கிறார்கள் என்பதையும் தூதரகத்தின் பக்கத்திலேயே பாருங்கள். மாணவர் விசா விதிகளை 2025-இல் மாற்றியிருக்கிறார்கள், பழைய யூடியூப் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

கடிதத்தை ஏஜெண்ட் எழுத விடாதீர்கள். என் மாணவி ஒருவருக்கு ஒருவர் எழுதிக்கொடுத்தார். "ஸ்பெயினின் செழுமையான பண்பாடு", "உலகளாவிய வாய்ப்புகள்" என்று இரண்டு பக்கம். விசா மறுக்கப்பட்டது. அதனால்தான் மறுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது, பணக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆனால் "ஏன் இந்த ஊர், ஏன் இத்தனை மாதம்?" என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்பது உறுதி. அடுத்த முறை அவரே ஒரு பக்கம் எழுதினார்: இதுவரை என்ன படித்தேன், எந்தத் தேர்வில் தேறினேன், எது இங்கே கிடைக்கவில்லை, எத்தனை வாரம் ஏன், திரும்பி வந்து என்ன செய்வேன், செலவு யாருடையது. ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள் இருந்தன, திருத்த வேண்டாம் என்று நானே சொன்னேன். விசா கிடைத்தது.

வீட்டில் இதே பக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். அப்பாவுக்குப் புரியாது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பராகுவேயிலிருந்து வந்த குளவிக் கதையில் ஆரம்பித்துப் பாருங்கள், என்னைவிட அதிகமாக அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அப்புறம், ஆகஸ்டில் போகாதீர்கள். ஸ்பெயினில் பாதி ஊர் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும், பேச ஆள் கிடைக்காது. செப்டம்பர் கடைசி நல்லது. தங்கப்போகும் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுபோகலாமே என்று தோன்றும், முடியாது. தாவரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக்கூடிய பழங்கள் வாழை, அன்னாசி, தேங்காய், பேரீச்சை, டூரியன் மட்டும்தான். ஒரு கிலோ ஜவ்வரிசி கொண்டுபோங்கள். பாயசம் வைத்துக்கொடுத்துவிட்டு, இது எங்கள் காட்டில் எப்படி விளைகிறது, ஆலையில் எப்படி உருட்டி வறுக்கிறார்கள் என்று உங்களிடம் இருக்கும் ஏ2 ஸ்பானிஷில் சொல்லிப் பாருங்கள். எந்த வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறீர்களோ அதை அன்று ராத்திரி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.